கங்கைக் கரையின் வரிமீனும் மருந்துச் சோதனையும்

கங்கையும் பிரம்மபுத்திராவும் பாயும் பகுதிகளில் குடியேறி வாழும் நம் தமிழர்களிற் சிலர், நெல்வயல்களை ஒட்டிய ஓடைகளிலும் தேங்கிய நீர்நிலைகளிலும் ஒன்றரை அங்குல நீளங்கூட எட்டாத சிறு மீன்கள் கூட்டமாகத் திரிவதைக் கண்டிருக்கக்கூடும். அவற்றின் உடலில் தலையிலிருந்து வால்வரை நீலக் கோடுகளும் வெளிறிய கோடுகளும் மாறி மாறி ஓடும். ஆங்கிலத்தில் வரிக்குதிரையின் பெயரால் வழங்கும் இம்மீனை நாம் வரிமீன் என்றே அழைப்போம். கறிக்கு ஆகும் பருமன் அதற்கு இல்லை. ஆயினும் இன்று பல நாடுகளின் ஆராய்ச்சிச் சாலைகளில், ஒரு புதிய மருந்தை மனிதருக்குக் கொடுக்கலாமா என்று ஆராயும் அறிஞர்கள், முதலில் இம்மீனின் கருவைக் கொண்டு அதனைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

வயலோரத்து மீனுக்கு இப்பொறுப்பு எப்படி வந்தது? அதன் கரு கூறும் விடையை நாம் எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். இரண்டாவது கேள்விக்கு விடை, மருந்தை மட்டும் பொறுத்ததன்று. கருவை நாம் எத்தகைய பாத்திரத்தில் வைத்தோம், அங்கே அது மூச்சுவிட முடிந்ததா என்பதையும் பொறுத்தது. விஞ்ஞானம் இவ்வுண்மையை உணர்ந்துகொள்ளச் சில காலம் பிடித்தது.

வரிமீனை முதன்முதல் ஏட்டில் பதிவு செய்தவர் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். இவர் பெயர் தமிழகச் சரித்திரம் பயின்றோருக்குப் புதியதன்று. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டாகிய 1800-இல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கட்டளைப்படி சென்னையிலிருந்து புறப்பட்டு, காஞ்சிபுரம், ஆர்க்காடு வழியாக மைசூருக்குச் சென்று, கோயம்புத்தூர்ச் சீமையிலும் மலையாளத்திலும் சுற்றி, பயிர், தொழில், மக்கள் வாழ்க்கை ஆகியவற்றைக் குறித்துவைத்தவர் இவரே. பின்னர் 1807 முதல் 1814 வரை வங்காளம், பீகார்ப் பகுதிகளை அளந்தறியும் பணியில் ஈடுபட்டபோது, ஆற்று மீன்களையும் அதே கவனத்துடன் ஆராய்ந்தார். தாயகம் திரும்பியபின் தம் தாய்வழிப் பெயரான ஹாமில்டன் என்பதை மேற்கொண்டார். 1822-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் கங்கையின் மீன்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில், கோசி ஆற்றில் கிடைத்த இச்சிறு மீனும் இடம் பெற்றது. அவர் வழங்கிய 'டானியோ' என்னும் பெயர், நெல்வயலைச் சார்ந்தது என்று பொருள்படும் வங்காளச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆக, உலகமெங்கும் வழங்கும் அதன் விஞ்ஞானப் பெயரிலேயே நம் நாட்டு வயல் வாசனை இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரிமீன் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்டது. எளிதில் வளர்வதும், ஆண்டு முழுவதும் முட்டையிடுவதும் அதன் சிறப்புகள். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துப் பேராசிரியர் சார்ல்ஸ் கிரீசர் இதனைக் கவனித்தார். வேண்டும்போதெல்லாம் இம்மீனிலிருந்து முட்டைகளைப் பெறும் முறையை விளக்கி 1934-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கருவின் வளர்ச்சியை ஆராய்வதற்கு இது மிகவும் ஏற்றது என்பது அவர் கண்ட முடிவு.

இதற்குக் காரணங்கள் பல. கோழியின் கரு ஓட்டுக்குள் மறைந்திருக்கிறது. எலியின் கரு தாயின் வயிற்றில் மறைந்திருக்கிறது. வரிமீனின் கருவோ தாயின் உடலுக்கு வெளியே, தண்ணீரிலேயே உருவாகிறது. அதன் பருமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது பளிங்குபோல் தெளிந்திருப்பதால், சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தாலே உள்ளே நிகழ்வதெல்லாம் தெரியும். ஏறத்தாழ 28 பாகை வெப்பமுள்ள நீரில், ஒரு நாளைக்குள் தலை, கண், முதுகந்தண்டு ஆகியவற்றின் அமைப்புத் தோன்றிவிடுகிறது. இதயம் துடிக்கத் தொடங்குகிறது. இரண்டு அல்லது மூன்று நாட்களில் குஞ்சு பொரிந்து வெளிவருகிறது. ஐந்தாம் நாளில் அது நீந்தி இரை தேடும் நிலையை அடைகிறது. ஒரு தாய் மீன் ஒரே காலையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். மனிதக் கரு மாதக்கணக்கில் நடத்தும் வேலையை, நம் கண்ணெதிரே சில நாட்களில் நடத்திக் காட்டும் உயிர் இது.

இச்சரித்திரத்தில் 1957-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் ஒன்றையொன்று அறியாத மூன்று நிகழ்ச்சிகள் வெவ்வேறு இடங்களில் நடைபெற்றன. முதலாவது: ஜோன்ஸ், ஹஃப்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், இரசாயனப் பொருள்கள் உயிரணுக்களின் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை வரிமீன் கருக்களைக் கொண்டு சோதிக்கலாம் என்று எழுதினர். இரண்டாவது: கார்ல் காமர்மேயர் என்னும் பொறியியல் அறிஞர், சிலிக்கோன் ரப்பரின் மெல்லிய ஏடு வாயுக்களைத் தன்னூடே எளிதில் செல்லவிடும் என்பதை எடுத்துக்காட்டினார். மூன்றாவது: அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளன்று மேற்கு ஜெர்மனியில் தாலிடமைட் என்னும் மருந்து கடைகளில் விற்பனைக்கு வந்தது. முதல் இரண்டும் சில ஆய்வாளர்களுக்கு மட்டுமே தெரிந்தவை. மூன்றாவதோ உலகத்தின் மனச்சாட்சியையே உலுக்கிவிட்டது.

தாலிடமைட் உறக்கம் தரும் மருந்து. எலிகளுக்கு மிகுந்த அளவில் கொடுத்தும் அவை சாகவில்லையாதலால், தீங்கற்றது என்று கருதப்பட்டது. கருவுற்ற பெண்கள் காலை நேரத்துக் குமட்டலுக்காக அதனை உட்கொண்டனர். சில ஆண்டுகளில், கைகளும் கால்களும் குறுகியோ, முற்றும் இல்லாமலோ குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்னும் குழந்தை மருத்துவரும், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு என்னும் மகப்பேற்று மருத்துவரும் 1961-இல் எச்சரித்தனர். அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல நாடுகளிலுமாகப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர். அமெரிக்காவில் மருந்துக் கண்காணிப்பு அலுவலகத்தில் பணியாற்றிய டாக்டர் பிரான்சஸ் கெல்சி, போதிய சான்று இல்லையென்று அனுமதி மறுத்தமையால் அந்நாடு பெருமளவு தப்பியது.

இத்துயரம் ஓர் உண்மையை உணர்த்தியது. ஒரு மருந்து வளர்ந்த விலங்கைக் கொல்லவில்லை என்பதனால், வளரும் கருவுக்கு அது நன்மையானது என்று சொல்லிவிட முடியாது. கருவைக் கண்ணால் கண்டே சோதிக்க வேண்டும். அதுவும் ஒன்றிரண்டு அன்று, நூற்றுக்கணக்கில் சோதிக்க வேண்டும். அதற்குரிய உயிர் டெட்ராய்ட்டின் தொட்டிகளில் முன்பே இருந்தது. ஆனால் அதனை அப்பணிக்குக் கொண்டுவருவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

வரிமீனைப் பெரும் ஆராய்ச்சிக்கு உரியதாக்கியவர் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர். புடாபெஸ்ட் நகரில் 1927-இல் பிறந்த அவர், நாஜிகளின் கொடுமை நெருங்கிவந்த காலத்தில் சிறுவனாகப் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். ஆரிகன் சர்வகலாசாலையில் பணியாற்றியபோது, பிறவிப் பண்புகள் கருவில் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதை முதுகெலும்புள்ள ஓர் எளிய உயிரில் ஆராய விரும்பி, வரிமீனைத் தேர்ந்தார். பல ஆண்டுகள் பொறுமையுடன் உழைத்து, 1981-இல் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற மீன்களைத் தோற்றுவிக்கும் முறையை வெளியிட்டார். 1984-இல் அவர் காலமானார். தாம் கண்ட முறைகளையும் மீன்களையும் பிறர்க்குத் தாராளமாக வழங்கிய அவரது வழக்கத்தை அவருடைய சகாக்கள் தொடர்ந்தனர். அதனால் இத்துறை விரைந்து வளர்ந்தது. 1996 டிசம்பரில், ஜெர்மனியில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டு தலைமையிலும், பாஸ்டனில் உல்ஃப்காங் டிரீவர், மார்க் ஃபிஷ்மன் ஆகியோர் தலைமையிலும் நடந்த ஆராய்ச்சிகள், 37 கட்டுரைகளாக ஒரே இதழில் வெளிவந்தன. எந்த மரபணு பழுதானால் எந்த உறுப்புக் கெடும் என்பதற்கு அவை விரிவான அகராதி போல் அமைந்தன. 2013-இல் முழு மரபணுத் தொகுதியும் வெளியாயிற்று. மனிதனின் மரபணுக்களில் நூற்றுக்கு எழுபதுக்கு இணையானது வரிமீனிலும் உண்டு என்று அப்போது தெரிந்தது.

கருவை ஏராளமாகப் பெற முடியும். ஆனால் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தனித்தனியே சோதிப்பதற்கு ஒரு பாத்திரம் வேண்டுமன்றோ? அதுவும் புடாபெஸ்ட் நகரிலிருந்தே வந்தது. 1951-இல், இன்ஃப்ளுயன்ஸா காய்ச்சல் பரவிய வேளையில், போதிய கருவிகள் கிடைக்காத நிலையில், ஜூலா டக்காட்சி என்னும் ஹங்கேரி மருத்துவர் ஒரு பிளாஸ்டிக் கட்டையில் வரிசைக்குப் பன்னிரண்டாக ஆறு வரிசைக் குழிகளைக் குடைந்தார். ஒவ்வொரு குழியும் ஒரு சோதனைக் குழாயாயிற்று. நம் வீட்டுப் பல்லாங்குழியைச் சற்றே நினைவூட்டும் இக்குழித்தட்டு, பின்னர்ப் பாலிஸ்டைரீன் என்னும் மலிவான பிளாஸ்டிக்கில் 96 குழிகளுடனும், பின்பு 384 குழிகளுடனும் வார்க்கப்பட்டது. உள்ளங்கையை விடச் சற்று நீண்ட அத்தட்டு இன்று ஆராய்ச்சிச் சாலை எங்கும் காணப்படும் பொருள்.

கருவும் குழித்தட்டும் ஒன்றுசேர்ந்தது 2000-ஆம் ஆண்டில். ஹார்வர்டு சர்வகலாசாலையில் ராண்டல் பீட்டர்சனும் அவருடைய கூட்டாளிகளும், குழிகளில் கருக்களை இட்டு, குழிக்கு ஒரு பொருளாகச் சுமார் 1,100 இரசாயனப் பொருள்களைச் சோதித்தனர். சில பொருள்கள் இதயத்தையும், சில காதின் அமைப்பையும், சில நிறத்தையும் மாற்றியதைக் கண்ணாற் கண்டனர். 2003-இல் அதே வழியில் வேறொரு முக்கியமான சோதனை நடந்தது. மனிதரின் இதயத் துடிப்பில் அபாயமான தடுமாற்றத்தை விளைவிக்கும் என்று அறியப்பட்ட 23 மருந்துகளில் 22, வரிமீன் கருவின் துடிப்பை மந்தமாக்கின. 2007-இல் பாஸ்டனில் லெனர்டு ஸோன் குழுவினர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களைச் சோதித்து, இரத்தத்தின் மூல அணுக்களைப் பெருக்கும் ஒரு பொருளைக் கண்டனர். அது பின்னர் நோயாளிகளிடமும் ஆராயப்பட்டது. 2013-இல் கலிபோர்னியாவில் ஸ்காட் பராபன் குழுவினர், குழந்தைகளைத் தாக்கும் கொடிய வலிப்பு நோய்க்கு உரிய மரபணுக் குறையுள்ள வரிமீன்களில் 320 மருந்துகளைச் சோதித்து, ஒவ்வாமைக்கென்று 1950களில் வழங்கிய கிளெமிசோல் என்னும் பழைய மருந்து வலிப்பைத் தணிப்பதைக் கண்டறிந்தனர்.

தாலிடமைட்டின் புதிரும் இம்மீனின் உதவியாலேயே அவிழ்ந்தது. 2010-இல் டோக்கியோவில் டக்குமி இட்டோ, ஹிரோஷி ஹாண்டா ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும், அம்மருந்து உடலில் செரிப்ளான் என்னும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்று கண்டனர். மருந்திட்ட நீரில் வளர்ந்த வரிமீன் கருவின் முன்துடுப்புகள் குறுகின. மருந்து பற்றிக்கொள்ள முடியாதவாறு மாற்றிய புரதத்தைக் கருவில் சேர்த்தபோது அத்தீங்கு குறைந்தது. எலி சொல்லத் தவறியதை, கைக்கு இணையான துடுப்பின் வாயிலாக மீன் சொல்லிற்று. குழந்தைகள் பிறந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே இவ்விடை கிடைத்தது என்பதுதான் வேதனை.

இங்கேதான் நம் இரண்டாவது கேள்வி எழுகிறது. குழியில் கிடக்கும் கரு நலிந்தால், அதற்கு மருந்தே காரணம் என்று எப்படித் துணிவது?

கரு உயிருள்ளது, அதற்குப் பிராணவாயு வேண்டும். முதல் சில நாட்களில் அதற்குச் செவுளும் இல்லை, வேலை செய்யும் இரத்த ஓட்டமும் தேவையில்லை. உடல் மிகச் சிறியதாதலால், சுற்றியுள்ள நீரிலிருந்து பிராணவாயு தோலின் வழியே நேராக ஊறிச் சென்றுவிடும். இதயமே துடிக்காத பிறவிக் குறையுள்ள வரிமீன் கருக்களும் சில நாட்கள் உயிர் வாழ்வதற்கு இதுவே காரணம். ஆனால் அந்த நீரில் பிராணவாயு இருக்க வேண்டுமே! 28 பாகை வெப்பத்தில், காற்றோடு நன்கு கலந்த ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதில் இது முப்பதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மேலும், அசையாத நீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தைவிடப் பதினாயிரம் மடங்கு குறைவு.

கோசி ஆற்றின் ஓடையில் நீர் ஓடுகிறது, காற்று அலைக்கிறது. குழித்தட்டிலோ நீர் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. பாலிஸ்டைரீன் சுவரும் அடியும் பிராணவாயுவை எளிதில் உள்ளே விடுவதில்லை. மேற்பரப்பு ஒன்றே வாசல். அதுவும் நீர் வற்றாதிருக்க மூடியால் மூடப்பட்டிருக்கிறது. கருவோ எடை காரணமாக அடியில் போய்க் கிடக்கிறது. மேலிருந்து இறங்கும் பிராணவாயு அதனை அடைவதற்குள், கரு தன்னைச் சுற்றியுள்ளதைத் தீர்த்துவிடுகிறது. குழியில் கருக்களின் எண்ணிக்கை கூடினாலும், குழி ஆழமாகவும் குறுகியும் இருந்தாலும், நாள் ஆக ஆகக் கருவின் தேவை வளர்ந்தாலும் நெருக்கடி மிகும். செலவைக் குறைக்க 96 குழியிலிருந்து 384 குழிக்குச் செல்லும்போது இடர்ப்பாடு இன்னும் கூடுகிறது.

பிராணவாயு குன்றினால் கரு என்ன செய்யும்? 2001-இல் சியாட்டில் நகரத்தில் பமேலா படிலா, மார்க் ராத் ஆகியோர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். இளம் வரிமீன் கருவிற்குப் பிராணவாயுவை முற்றிலும் நிறுத்தினால் அது உடனே இறந்துவிடுவதில்லை. அணுக்கள் பிரிவது நிற்கிறது, வளர்ச்சி நிற்கிறது, துடித்துக்கொண்டிருந்த இதயமும் நின்றுவிடுகிறது. ஒரு நாள் முழுவதும் யோக நித்திரை போன்ற நிலையில் இருந்துவிட்டு, பிராணவாயு திரும்பியதும் கரு மீண்டும் வளரத் தொடங்குகிறது.

மீனுக்கு இது தற்காப்பு; ஆராய்ச்சியாளருக்கோ இதுவே கண்ணி. வளர்ச்சி தாமதமாதல், துடிப்பு தளர்தல் ஆகியவை, நச்சு மருந்தைக் காட்டிக்கொடுக்கும் என்று நாம் எதிர்பார்த்திருக்கும் அடையாளங்களே அல்லவா? மூச்சுத் திணறலும் அதே வேடத்தில் வந்து நின்றால், இரண்டு வகையான பிழைகள் நேரும். தீங்கற்ற மருந்து ஒன்று, பாத்திரத்தின் குற்றத்தைச் சுமந்து ஒதுக்கப்படலாம். அல்லது, மருந்து இடாத கருக்களும் சேர்ந்தே நலிந்திருப்பதால், தீய மருந்தின் தீங்கு வேறுபாடாகத் தெரியாமல் மறைந்துபோகலாம். முதலாவது, நோயாளி ஒருவர் பெற்றிருக்கக்கூடிய சிகிச்சையை இழப்பது. இரண்டாவது எத்தகையது என்பதைத் தாலிடமைட் நமக்குக் காட்டியிருக்கிறது.

இதற்குக் கண்ட பரிகாரங்கள் சில. குழிக்கு ஒரே கருவை இடுவது, நீரை நாள்தோறும் மாற்றுவது, தட்டை மெல்ல அசைத்துக்கொண்டிருப்பது ஆகியவை பழைய முறைகள். ஆயிரக்கணக்கான குழிகளில் இவற்றைச் செய்வது கடினம். நீரை மாற்றும்போதெல்லாம் மருந்தையும் புதிதாக இடவேண்டும். விலையுயர்ந்த மருந்து வீணாகும். ஆகவே, பாத்திரத்தையே மூச்சுவிடச் செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. குழியின் அடியை, வாயு ஊடுருவும் மெல்லிய ஏட்டினால் அமைத்து, அதன் கீழே காற்று உலாவ இடைவெளி விட்டால், கரு கிடக்கும் இடத்திற்கே பிராணவாயு கீழிருந்தும் வரும். நீர் கசியாது, வாயு மட்டும் நுழையும்.

1957-இல் காமர்மேயர் கூறிய சிலிக்கோன் ரப்பர் இங்கே மீண்டும் வருகிறது. 1960களில் செயற்கை நுரையீரல் செய்ய முயன்றவர்களுக்கு உதவிய அதே பொருள், உயிரணுக்களை வளர்க்கும் பாத்திரங்களுக்கும் உதவிற்று. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. எண்ணெய்த்தன்மையுள்ள மருந்துகளைச் சிலிக்கோன் தானே உறிஞ்சிக்கொள்ளும். நாம் ஓர் அளவு மருந்தை இட்டோம் என்று எண்ணியிருக்க, கருவுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். மூச்சைக் காப்பாற்றப்போய் அளவைத் தவறவிட்ட கதையாகிவிடும். அதனால் பாலிமெத்தில்பென்டீன் போன்ற வேறு பிளாஸ்டிக்குகளும் கருதப்பட்டன. அது தண்ணீரைவிட இலேசானது, கண்ணாடிபோல் தெளிந்தது, பாலிஸ்டைரீனைவிட வாயுவை நன்கு செல்லவிடுவது. குழித்தட்டுக்கு வேண்டியவை இவையே: ஒளி புகவேண்டும், காற்றும் புகவேண்டும், மருந்து மட்டும் குழியைவிட்டு எங்கும் போகக்கூடாது.

சர்வதேச விதிகளும் இந்த மூச்சை மறக்கவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 2013-இல் வெளியிட்ட 236-ஆம் எண் சோதனை விதி, மீன் கருக்களை நான்கு நாட்கள், அதாவது 96 மணி நேரம், இரசாயனப் பொருளில் வைத்துப் பார்க்கும் முறையை வகுக்கிறது. சோதனை முடிவிலும் நீரில் கரைந்த பிராணவாயு, இருக்கக்கூடிய முழு அளவில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. ஐரோப்பியச் சட்டம், தானே இரை தேடும் பருவத்தை அடைந்த மீன் குஞ்சுகளைச் சோதனை விலங்குகளாகக் கருதிப் பாதுகாக்கிறது. அதனாலும் முதல் ஐந்து நாட்களுக்குள் சோதனையை முடிப்பது வழக்கமாயிற்று.

மீன் மனிதன் ஆகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதற்கு நுரையீரல் இல்லை. தாயின் நஞ்சுக்கொடி இல்லை. நீரில் இட்ட மருந்தில் எவ்வளவு அதன் உடலுக்குள் சென்றது என்பதைத் தனியே அளந்தறிய வேண்டும். வரிமீனின் விடை முதல் விடையே தவிர முடிவான தீர்ப்பன்று. ஆயினும் ஆயிரம் பொருள்களில் எவற்றை மேலும் ஆராயலாம், எவற்றை விலக்கலாம் என்று சலித்தெடுக்க அது சிறந்த சல்லடை. சல்லடையின் கண் அடைபட்டிருக்கக்கூடாது என்பதே நாம் வற்புறுத்துவது.

கோசி ஆற்றை விட்டுச் சென்ற மீன் இன்று தாய்நாட்டிற்கும் திரும்பியிருக்கிறது. 2009-இல் டெல்லியிலுள்ள மரபணு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், இந்திய நீர்நிலையைச் சார்ந்த வரிமீனின் மரபணுத் தொகுதியைப் படித்து அறிவித்தனர். ஐதராபாத், பெங்களூர், மும்பை நகரங்களின் ஆராய்ச்சி நிலையங்களிலும் அது வளர்க்கப்பட்டு ஆராயப்படுகிறது. அந்நகரங்களில் வாழும் நம்மவர் இல்லத்துப் பிள்ளைகளிற் சிலர் நாளை அத்தொட்டிகளின் முன் அமரக்கூடும். அவர்கள் குழித்தட்டைக் கையில் எடுக்கும்போது, உள்ளே இடும் மருந்தைக் குறித்து வைப்பதோடு, கரு கிடக்கும் நீரின் பிராணவாயுவையும் அளந்து குறித்து வைப்பார்களாக. ஊரைவிட்டு வந்த உயிர் புது இடத்தில் வாடினால், அதன் இயல்பைக் குறை கூறுமுன் அங்கே அதற்குக் காற்றும் நீரும் கிடைத்தனவா என்று கேட்பது, அயலூரில் வாழ்ந்து பழகிய நமக்குப் புதிய பாடம் அன்று.